யப்பானியர் பரிசுத் திருநாளின் பெயர் வரலாறு

யப்பான் தேசத்திலே ஆண்டொன்றுக்கு இரு பருவங்களில் பரிசுப் பொதிகள் வீடு வீடாய்ப் பயணம் செய்யும். மருமகன் மாமனாருக்கும், நோய் தீர்ந்தவர் வைத்தியருக்கும், கீழுத்தியோகத்தர் மேலுத்தியோகத்தருக்கும், வியாபாரி வாடிக்கைக்காரருக்கும் அனுப்புவர். கோதுமை மாவினாற் செய்த மெல்லிய இழையுணவு, பழவகை, சமையல் எண்ணெய், சவர்க்காரம், பியர்ப் போத்தல் எனப் பொருள் எதுவானாலும், பொதியின் மேற்சுற்றிய வெள்ளைத் தாளின் தலைப்பிலே பரிசின் பெயரும், அடியிலே கொடுப்பவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். யப்பான் என்றவுடன் வான் வண்டியை மட்டும் நினைத்துக்கொள்ளும் எமது வாலிபர்கள், அந்தத் தாளின் தலைப்பில் எழுதப்படும் பெயரையும் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. அப்பெயரின் பின்னே நமக்கு மிக அண்மையில் உள்ளதொரு சங்கதி மறைந்திருக்கிறது.

டிசம்பர் மாதத்துப் பரிசுக்கு ‘ஒசெய்போ’ என்று பெயர். ஆண்டின் கடைப்பகுதி என்பது பொருள். அதில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. யூலை மாதத்தை ஒட்டி வரும் நடுவாண்டுப் பரிசுக்கு ‘ஒசூகென்’ என்று பெயர். முதலிலுள்ள ‘ஒ’ மரியாதை கருதிச் சேர்ப்பது, நாம் ‘திரு’ சேர்ப்பது போல. எஞ்சிய ‘சூகென்’ என்பதிலே பரிசு என்ற பொருளும் இல்லை, கொடை என்ற பொருளும் இல்லை. ‘நடு மூலம்’ என்பதே அதன் நேர்ப்பொருள். தோக்கியோவை அடுத்த பகுதிகளில் யூலை 15 ஆம் திகதி கழிந்துவிட்டால் அதே பொதிக்கு அப்பெயரை எழுதார். ‘கோடைக்கால நலம் விசாரிப்பு’ என்று வேறு தலைப்பு எழுதி அனுப்புவர். ஆகவே பெயர் பொருளுக்கு உரியதன்று, நாளுக்கு உரியது என்பது வெளிப்படை. அந்த நாள் எது?

சீன தேசத்துத் தாவோ மதத்தார் ஆண்டை மூன்று மூலங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூரணையை ஒதுக்கினர். முதல் மாதத்துப் பூரணை வானத்து அதிகாரிக்கு. அவர் நன்மை அருள்பவர். ஏழாம் மாதத்துப் பூரணை பூமியின் அதிகாரிக்கு. அவர் குற்றங்களைப் பொறுப்பவர். பத்தாம் மாதத்துப் பூரணை நீரின் அதிகாரிக்கு. அவர் இடர் களைபவர். நடுவில் நிற்கும் ஏழாம் மாதத்துப் பூரணையே நடு மூலம். சீனர் அதனைச் ‘சொங்யுவான்’ என்பர். அதே எழுத்தை யப்பானியர் ‘சூகென்’ என்று வாசிப்பர். இறந்தோரின் குற்றம் பொறுக்கப்பட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நாளாகவும் அது இருந்தது.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் நாம் இம்மலரிலே இடத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டோம். அதே பூரணையன்று பௌத்தருக்கும் ஒரு திருநாள் உண்டு. சீனர் அதனை ‘யூலான்பென்’ என்றும், யப்பானியர் ‘உரபோன்’ என்றும் அழைப்பர். இன்று யப்பானிலே ‘ஒபோன்’ என்ற பெயரால் ஊரெல்லாம் கொண்டாடப்படுவது இதுவே. இறந்த முன்னோர் வீடு திரும்புகிறார்கள் என்று நம்பி விளக்கேற்றி, படையலிட்டு, தெருவிலே வட்டமாக ஆடி, இறுதியில் ஆற்றிலோ கடலிலோ விளக்கு மிதக்கவிட்டு வழியனுப்பும் விழா அது. தாவோ மதத்தாரின் நாளும் பௌத்தரின் நாளும் ஒன்றோடொன்று கலந்த பின், யப்பானியர் பாகப்பிரிவினை செய்துகொண்டனர் போலும்: இறந்தோருக்குச் செய்வதற்கு ‘போன்’ என்ற பெயரும், உயிரோடிருப்போருக்குக் கொடுப்பதற்குச் ‘சூகென்’ என்ற பெயரும் நிலைத்தன. ஆக, பரிசின் மூலத்தைத் தேடுகிறவன் ‘உரபோன்’ என்ற சொல்லின் மூலத்தைத் தேடியே ஆகவேண்டும். அச்சொல் சீனச் சொல்லுமன்று, யப்பானியச் சொல்லுமன்று. இந்தியாவிலிருந்து போன சொல்.

அத்திருநாளுக்கு ஆதாரமானது ஒரு சிறு சூத்திரம். சீன மொழியில் ஆயிரம் எழுத்துக்குக் குறைந்தது. தர்மரட்சர் என்ற பிக்கு மொழிபெயர்த்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. இக்கால அறிஞர் அதில் ஐயுறுவர். கதை இது. புத்தரின் மாணாக்கருள் சித்தியிற் சிறந்தவர் மொக்கல்லானர். நம் சிங்களச் சகோதரர் ‘முகலன்’ என்று சொல்பவர் அவரே; யப்பானியருக்கு ‘மொகுரென்’. அவர் ஞானக்கண் பெற்றவுடன் முதலில் தேடியது இறந்துபோன தம் தாயை. தாயோ தோலும் எலும்புமாய்ப் பசித்த பேய்களின் நடுவே நிற்கிறாள். மைந்தர் கலத்திலே சோறு நிறைத்து எடுத்துச் சென்று கொடுக்கிறார். அவள் இடக்கையால் கலத்தை மறைத்துக்கொண்டு, வலக்கையால் அள்ளி வாயருகே கொண்டுபோகிறாள். வாயிற் படுமுன் சோறு நெருப்புத் தணலாகிறது. பேய்நிலையிலும் கலத்தை மறைத்துக்கொள்ளும் அந்த இடக்கைதான் அவளுடைய வினையைச் சொல்லாமற் சொல்கிறது.

மைந்தர் அழுதுகொண்டு புத்தரிடம் ஓட, அவர் சொல்லும் உபாயம் இது: ஒருவனுடைய வல்லமையால் ஆகாதது, மழைக்கால வாசம் முடிகின்ற ஏழாம் மாதத்துப் பூரணையன்று, கூடியிருக்கும் சங்கத்தாருக்குச் சுவை பலவும் கனி ஐந்தும் கலங்களில் இட்டுக் கொடு, அதன் பயனால் ஏழு தலைமுறைப் பெற்றோரும் விடுதலை பெறுவர். மழைக்கால வாசம் என்பது நம் அயற்கிராமத்து விகாரைகளில் ‘வஸ்’ என்று அனுட்டிக்கப்படுவதே. இங்கே அது முடிந்தபின் கட்டின பின்கம நடத்திச் சீவர ஆடை கொடுக்கிறார்கள். அங்கே சோறு கொடுக்கச் சொன்னார்கள்.

இனி, பெயருக்கு வருவோம். கி.பி. ஏழாம் நூற்றாண்டிலே சுவன்யிங் என்ற சீனத்துறவி, சூத்திரங்களில் வரும் அருஞ்சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதினார். ‘யூலான்பென்’ என்பது வடமொழிச் சொல்லின் சிதைவு என்றும், ‘தலைகீழாகத் தொங்குதல்’ என்பதே அதன் பொருள் என்றும் அவர் சொன்னார். தொங்குதலைக் குறிக்கும் ‘லம்ப’ என்ற அடியிலிருந்து ‘உல்லம்பன’ என்று பிற்காலத்து அறிஞர் அதனை வடமொழியில் அமைத்துக்கொண்டனர். நரகிலே தலைகீழாய்த் தொங்கி வருந்தும் முன்னோரை நிமிர்த்திவிடும் நாள் என்று அதற்கு விளக்கம் வந்தது. 780 முதல் 841 வரை வாழ்ந்த சொங்மி என்ற பேராசிரியர் இச்சூத்திரத்துக்கு உரை எழுதியபோது, தாம் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர் என்று முகப்பிலே குறிப்பிடுகிறார். உரையாசிரியர்கள் தம்மைப்பற்றிப் பேசுவது அரிது. அவருக்கு இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று என்று தெரிகிறது.

தலைகீழாகத் தொங்கும் முன்னோர் நமக்குப் புதியவரல்லர். மகாபாரதத்து ஆதிபருவத்திலே ஜரத்காரு முனிவர் ஒரு குழியருகே போகிறார். உள்ளே சிலர் ஒரு புல்லின் வேரைப் பற்றிக்கொண்டு தலைகீழாய்த் தொங்குகிறார்கள். அந்த வேரையும் ஓர் எலி கொறித்துக்கொண்டிருக்கிறது. யார் என்று விசாரித்தால் அவருடைய பிதிரர்! மகப்பேறின்றி அவர் திரிவதால் தமக்கு நீரிறைப்பார் இல்லாமற் போகும் என்று தவிப்பவர்கள். அதன் பின்னரே முனிவர் மணம் செய்கிறார், ஆஸ்திகர் பிறக்கிறார். தமிழ் முனிவரென்று நாம் உரிமை கொண்டாடும் அகத்தியரும் தம் முன்னோர் இவ்வாறே தொங்கக் கண்ட பின்புதான் உலோபாமுத்திரையை மணந்தார் என்று வனபருவம் சொல்லும். ஆகையால் சுவன்யிங் சொன்ன பொருள் இந்தியச் சிந்தைக்கு ஒவ்வாததென்று தள்ளிவிட முடியாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நிலைத்ததில் வியப்பில்லை.

ஆயினும் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சூத்திரத்தில் யாரும் தலைகீழாகத் தொங்கவில்லை. தாய் நிற்கிறாள், பசித்திருக்கிறாள், கலத்தைக் கையில் வாங்குகிறாள். ‘உல்லம்பன’ என்ற பெயரால் ஒரு திருநாள் இந்திய நூல் எதிலும் காணப்படவுமில்லை. ஈரானிய மொழியில் ஆன்மாவைக் குறிக்கும் ‘உர்வன்’ என்ற சொல்லே இதற்கு மூலம் என்று வாதித்தோரும் இருந்தனர். இந்நிலையில் 2013 ஆம் ஆண்டிலே யப்பானிய மொழியறிஞர் கராஷிமா செய்ஷி ஒரு கட்டுரை வெளியிட்டார். பழைய பௌத்த நூல்களின் சொற்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர்; 2019 இல் காலமானார். அவர் கூறியது மிக எளியது. ‘யூலான்’ என்பது ‘ஓதன’ என்ற சொல்லின் பேச்சு வழக்கான ‘ஓலன’ என்பதன் ஒலிபெயர்ப்பு. ‘பென்’ என்பது கலத்தைக் குறிக்கும் சீனச் சொல்லே. ஓதனம் என்றால் சோறு. ‘யூலான்பென்’ என்றால் சோற்றுக்கலம்.

தகரம் லகரமாவது எப்படி என்று வாலிபர் கேட்கலாம். கருவுற்றவளின் மசக்கை ஆசையை வடமொழி ‘தோஹத’ என்கும். பாளியில் அது ‘தோஹள’ ஆகும். இன்று எல்கடுவக் கடைத்தெருவிலே சிங்களத்தில் ‘தொளதுக’ என்று காதாரக் கேட்கலாம். அதே வழியில்தான் ஓதனவும் ஓலனவாயிற்று என்பது கராஷிமாவின் கருத்து. யப்பானிய நாவுக்கு லகரம் கிடையாதாகையால், ‘லான்’ என்பது ‘ர’ ஆகி ‘உரபோன்’ என்று முடிந்தது.

ஓதனம் நம் அகராதிகளிலும் சோறு என்ற பொருளோடு கிடக்கும் சொல். வைணவத் திருக்கோயில்களில் தயிர்ச்சோற்றை ‘ததியோதனம்’ என்பர். புளியோதரை என்பதும் புளியோதனத்தின் திரிபே என்பர் அறிந்தோர். இதைவிட விசேடம், புத்தருடைய தந்தையின் திருநாமம்: சுத்தோதனர், அதாவது தூய சோறுடையவர். அவருடைய சகோதரர்களும் சுக்கோதனர், தோதோதனர், அமிதோதனர் எனச் சோற்றின் பெயரையே தாங்கி நிற்கிறார்கள். நெல் விளைவித்த சாக்கியக் குடிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன?

இரு விளக்கங்களுள் எது சரி? அறிஞருலகம் முழுவதும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதென்று சொல்லமாட்டோம். நமக்கோ சோற்றுக்கலம் என்பதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மைந்தர் கையில் எடுத்தது கலம், தாய் மறைத்தது கலம், சங்கத்தார் முன் வைக்கச் சொன்னதும் கலம். பெயருக்குப் பொருள் தேடி வானத்தில் அலைந்தவர்கள் கண்முன் இருந்த பாத்திரத்தைப் பாராது விட்டனர். ஆனால் பொருள் தெரியாத காலத்திலும் சீனத்து மக்களும் யப்பானிய மக்களும் செய்தது என்ன? கலத்தில் உணவிட்டுக் கொடுத்தார்கள். படித்தவர் மறந்ததைச் சமைத்தவர் மறக்கவில்லை.

இங்கே வாலிபர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உலகத்திலுள்ள யாவும் நம்மிடமிருந்தே போயின என்று மேடையிற் பேசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். சொல் இந்தியாவிலிருந்து போனது உண்மை. அதைச் சேர்த்து வைத்த கலம் சீனத்தது. அதற்கொரு நாளைக் கொடுத்ததிலே தாவோ மதத்தாருக்கும் பங்குண்டு. தாய் தந்தையரைப் பேணுதலே அறங்களுள் தலையாயது என்று கருதிய சீனரின் மனநிலை இல்லாதிருந்தால், அந்தச் சிறு சூத்திரம் ஏட்டோடு கிடந்திருக்கும்.

கம்போசத்திலும் இதற்கொரு தங்கை உண்டு. அங்கே ஆண்டுதோறும் பதினைந்து நாள் நடைபெறும் ‘பிச்சும் பென்’ என்ற விழாவில், விடியுமுன் விகாரையைச் சுற்றிப் பசித்த முன்னோருக்காகச் சோற்றுருண்டை இடுவர். ‘பிச்சும்’ என்றால் கூடுதல். ‘பென்’ என்பது நம் ‘பிண்டம்’. நாட்களும் நாம் மகாளயம் அனுட்டிக்கும் அதே புரட்டாதித் தேய்பிறை நாட்களே. அங்கே பெயர் பொருள் மாறாமல் தப்பிப் பிழைத்தது.

யப்பானில் இவ்விழா வேரூன்றிய விதத்தை 720 இல் தொகுக்கப்பட்ட ‘நிஹோன் ஷோகி’ என்னும் அரசவரலாறு ஆண்டுவாரியாகச் சொல்கிறது. 606 இல், சுய்கோ மகாராணியார் காலத்திலே, ஏழாம் மாதத்துப் பூரணையன்று விகாரைதோறும் அன்னமிடும் வழக்கம் தொடங்கியது. 657 இல் அசுகா விகாரையின் மேற்கே மேருமலையின் உருவம் அமைத்து உரபோன் விழா நடந்தது. 659 இல் தலைநகரத்து விகாரைகளிலெல்லாம் அச்சூத்திரத்தை விரித்துரைத்து, ஏழு தலைமுறைப் பெற்றோருக்கு நன்றிக்கடன் தீர்க்குமாறு ஆணை பிறந்தது.

இறந்தோருக்கான இந்தச் சோறு உயிரோடிருப்போருக்கான பரிசாக மாறியது எவ்வாறு? ‘இகிமிதாமா’ என்றொரு வழக்கம் இடையிலே நிற்கிறது. ‘உயிருள்ள ஆன்மா’ என்பது அதன் பொருள். பெற்றோர் உயிரோடு இருக்கும் பாக்கியவான்கள், இறந்தோருக்குச் செய்யும் மாதத்திலேயே, இருக்கும் தாய் தந்தையருக்கும் விருந்திட்டனர். படையல் மரக்கறியாக இருக்க, இவ்விருந்தில் மட்டும் மீன் உண்டு. உப்பிட்டு உலர்த்திய மீன் இரண்டை ஒன்றோடொன்று கோத்து அனுப்புவது எடோ காலத்து வழக்கம். பின்னர் அது பெற்றோரோடு நில்லாமல், பெற்றோரைப்போல் நம்மைத் தாங்குவோர் என்று கருதப்பட்ட எசமானர், ஆசான், வைத்தியர் எனப் படர்ந்தது. 1873 இல் யப்பான் ஐரோப்பியப் பஞ்சாங்கத்தை மேற்கொண்டபோது, பூரணை போய், யூலை 15 என்றும், பல ஊர்களில் ஒரு மாதம் பின்தள்ளி ஆகஸ்ட் 15 என்றும் நாள் பிரிந்தது. பின்னர் பெருங்கடைகள் அப்பருவத்தைத் தமதாக்கிக்கொண்டன. கடைக்காரர் கை வைத்த பின் எந்தத் திருநாளும் பழையபடி இருந்ததில்லை. நம் தீபாவளிக்கு நேர்ந்ததும் அதுவே. அண்மைக் காலத்தில் இப்பரிசு வழக்கம் அங்கே குறைந்துவருகிறது. உத்தியோக முறையிலான பரிசுகளைப் பல நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. முன்னோருக்குச் செய்யும் ஒபோன் மட்டும் குறையவில்லை. ஆகஸ்ட் நடுவிலே நகரத்தார் ஊர் திரும்புவதால் அங்கே புகையிரதங்கள் நிரம்பி வழியும்.

மொக்கல்லானர் தாய் கதைக்கு மூத்த கதையொன்று நம் அருகிலேயே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். பாளித் திரிபிடகத்தில் ‘பேதவத்து’ என்றொரு நூல் உண்டு. பேய்களின் கதை என்பது அதன் பொருள். அதிலே பசித்த பேயாய் வருபவள் சாரிபுத்தருக்கு ஒரு முற்பிறவியில் தாயாக இருந்தவள். அவர் மொக்கல்லானர் முதலிய தோழரோடு சேர்ந்து, குடில்கள் அமைத்து, உணவும் நீரும் சங்கத்தாருக்குக் கொடுத்து, அப்பயனை அவளுக்கு ஆக்குகிறார். சீனத்துச் சூத்திரம் இக்கதையின் வழிவந்தது என்று கருதுவோர் பலர். மகிந்த தேரர் இலங்கைக்கு வந்து அனுராதபுரத்து அரசமாதருக்கு முதலில் எடுத்துரைத்தவற்றுள் பேதவத்துவும் ஒன்று என மகாவம்சம் கூறும்.

அந்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்திலே, முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் மாத்தளைக்கு இரண்டு மைல் வடக்கேயுள்ள அலுவிகாரை என்பது மரபு. வாய்மொழியாகக் காத்துவந்ததை எழுத வேண்டி வந்ததற்கு ஒரு காரணம், ‘பமினிதியா’ என்று இன்றும் பேசப்படும் கொடும் பஞ்சம். மனனம் செய்த பிக்குகள் பசியால் மாண்டனர். அவர்களோடு நூலும் மாண்டுவிடும் என்று அஞ்சினர். பசித்த பேய்களின் கதை ஏடேறியது பசிக்குப் பயந்த காலத்தில்! யப்பானியப் பொதியின் தலைப்பைத் தேடிப் புறப்பட்ட நாம், எல்கடுவ மலையிலிருந்து இறங்கி ஒரு பஸ் மாறினால் போய்ச் சேரக்கூடிய கற்பாறைக்கே வந்து நிற்கிறோம்.

பேதவத்துவில் வேறொரு பகுதி சிங்களவர் மரணச் சடங்குகளில் இன்றும் ஓதப்படுகிறது. உறவினர் கூடி ஒரு குடத்து நீரைக் கிண்ணத்திலே அது நிறைந்து வழியும்வரை வார்ப்பதை நம்மிற் பலர் அயலார் வீடுகளில் கண்டிருப்போம். நாம் எள்ளும் நீரும் இறைப்பதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை. அப்பகுதி சொல்வது, இறந்தோர் பழைய வீட்டைத் தேடி வந்து, மதிற்புறத்திலும் சந்திகளிலும் நிலைப்படி ஓரத்திலும் நிற்கிறார்கள் என்பது. அவர்களுக்கு உழவில்லை, வாணிபமில்லை. இங்கே கொடுப்பதொன்றே அங்கே உணவு. நினைத்துக் கொடுப்பாரில்லாதவர் நின்றபடியே நிற்பர்.

இதை வாசிக்கும்போது நமக்கு வடக்குப் பாதை நினைவுக்கு வராமல் இருக்குமா? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, கோப்பிக் காலத்தில், நம் முன்னோர் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்தனர். அலுவிகாரைப் பாறையின் அருகாகச் செல்லும் இந்த வழியே அவர்களும் வந்த வழி. சீமையிற் பஞ்சம் விரட்டியது, வழியிலே தண்ணீரில்லை, வாந்திபேதியும் காய்ச்சலும் வாட்டின. நடக்க முடியாதவர் பின்தங்கினர், கூட்டம் நிற்கவில்லை. எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் அக்காலத்துத் துரைமாரும் அரசாங்கத்தாருமே தமக்குள் கணக்கு வழக்காடினர். எண்ணில் வேறுபாடு இருக்கலாம். மாண்டவருள் மிகப் பலருக்குப் பெயர் எழுதப்படவில்லை என்பதில் வேறுபாடில்லை. வந்து சேர்ந்தவர் வழியைக் காத்த தாய்க்குக் கோயில் எடுத்தனர். மாத்தளை முத்துமாரியம்மன் திருவடியில் இன்றும் நாம் கூடுகிறோம். வந்து சேராதவருக்கு யார் நீர் இறைத்தார்கள்?

ஆடி அமாவாசையன்று நாம் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று பெயர் சொல்லி இறைக்கிறோம். பெயர் தெரிந்தவருக்கு மட்டுமே அந்த நீர் போகிறது. சந்ததி இல்லாமல் தொங்கிய ஜரத்காருவின் பிதிரருக்காவது கேட்க ஒரு பிள்ளை வழியில் வந்தான். வீதியோரத்துப் புதர்களில் கிடந்தவருக்கு, கேட்கவும் ஆளில்லை. தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் படையலிடும்போது வாசலுக்கு வெளியே ஒரு கவளம் ஒதுக்குவதுண்டு. காகத்துக்கு என்பர் சிலர். கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாதவரே அதிகம். வழியில் விடப்பட்டவரை நினைத்து எப்போதோ யாரோ தொடங்கியதாகவும் அது இருக்கக்கூடும் என்று எண்ண நமக்கு ஆசை. சான்று கேட்டால் நம்மிடம் இல்லை.

யப்பானியரிடம் இதற்கென ஒரு சொல் இருக்கிறது. உறவென்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாமல் இறந்தவரை ‘முயென்போதொகே’ என்பர். தொடர்பற்ற இறந்தோர் என்பது பொருள். ஒபோன் நாட்களிலே வீட்டு முன்னோருக்கு உள்ளே பீடம் அமைத்துப் படைப்பவர்கள், இவர்களுக்கென்று தனியே, முற்றத்திலோ தாழ்வார ஓரத்திலோ சிறு படையல் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. உள்ளே வந்தால் வீட்டு முன்னோரோடு சண்டையிடுவர் என்று பயந்தோ, வெளியே நிற்பவரை வெளியேயே உபசரிப்போம் என்ற இரக்கத்தாலோ, எப்படியோ, அவர்களுக்கும் ஒரு கலம் உண்டு.

வருகிற ஆடி அமாவாசையன்று எமது சங்கத்தாரும் மண்டப வாசலுக்கு வெளியே, மாத்தளை வீதியை நோக்கி, ஒரு வாழையிலையில் சோறிட்டு வைக்கலாமா என்பதை அடுத்த கூட்டத்தில் வாலிபர்கள் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். செலவு ஒரு கொத்து அரிசி. அந்த இலைக்கு நம் மொழியில் என்ன பெயர் என்பதைப் பெரியோர் எவருக்காவது நினைவிருந்தால், கூட்டத்துக்கு முன்னரே அறிவித்தால் உபகாரமாயிருக்கும்.